இரண்டாவது பாராசூட்

வாசல் மணி மூன்று முறை அடித்தது. எங்கள் பொதுக் குடியிருப்பில் ஒரு மணி என்றால் துரோபிமோவ் குடும்பத்துக்கு, இரண்டு என்றால் பல் மருத்துவருக்கு, மூன்று என்றால் எனக்கு. எனக்காக யாரும் அடிப்பது அரிது. கதவைத் திறந்தேன். முழங்கால் வரை சேறு படிந்த ஒரு பெண் கையில் துணிப்பையோடு நின்றாள்.

"காப்பா அக்காதானே? நான் இராய்தா."

அவள் பெயரைச் சொல்லியிருக்கவே வேண்டாம். அதே குட்டை உருவம், அதே அகன்ற நெற்றி. போரில் என்னோடு பறந்த ரிம்மாவின் தங்கை. புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், நானும் ஒன்று அனுப்புவேன். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சமையலறையில் துரோபிமோவா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "காப்பாவைத் தேடி ஆளா? நான் மணிதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்," என்றாள். பிறகு இராய்தாவின் முகத்தைப் பார்த்தவள், முட்டைக்கோஸைப் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

இராய்தா பையிலிருந்து ஒரு ஜாடி நெல்லிக்காய் ஜாமும் செய்தித்தாளில் சுற்றிய உப்பு மீனும் எடுத்து மேசையில் வைத்தாள். தேநீர் ஊற்றினேன். அவள் குடிக்கவில்லை.

"அக்கா, நான் சுத்தி வளைக்கத் தெரியாதவ. ஒரு பொய் எழுதித் தரணும்."

"என்ன பொய்?"

"எங்க ஊர்ல கல்லு வைக்கறாங்க. போர்ல ஜெயிச்சு இருபது வருஷம் ஆச்சுல்ல, அதுக்கு. ஊர்ல இருந்து போய்த் திரும்பாதவங்க பேரெல்லாம் வெட்டறாங்க. இருநூத்திப் பதினாலு பேரு. ரிம்மா பேரு இல்ல."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதா? அவ 'காணாமல் போனவர்'. காணாமப் போன ஆம்பளைங்க பேரைக்கூடச் சேர்த்துட்டாங்க. ஆனா இவ பாராசூட்ல எதிரி பக்கம் எறங்கினவ. ராணுவப் பேப்பர்லயே இருக்கு. கமிட்டித் தலைவரு சொல்றாரு, 'அங்க போய் என்ன செஞ்சாளோ, யாருக்குத் தெரியும்? நாளைக்கு எங்கேயாவது உயிரோட கெளம்பி வந்தா நாங்க என்ன பண்றது?'ன்னு." அவள் சிரிக்க முயன்றாள். "நான் அவர்கிட்ட, 'வந்தா அவளையே உளியை எடுத்து அழிச்சுக்கச் சொல்றேன்'னேன். அவரு சிரிக்கல."

நான் ஜாம் ஜாடியை நகர்த்தி வைத்தேன்.

"வெள்ளிக்கிழமையோட வெட்டறது முடியுது. அவ செத்ததைக் கண்ணால பார்த்த சாட்சி ஒருத்தர் எழுதிக் கொடுத்தா போதுமாம். நீங்க பாராசூட்டைப் பார்த்தீங்க, அம்மாவுக்கு எழுதின லெட்டர்ல இருக்கு. அவ எறங்கிதான் இருப்பா. அப்புறம் அங்கேயே சுட்டிருப்பாங்க, இல்ல முகாம்ல செத்திருப்பா. எப்படியோ செத்துட்டா. அதனால பாராசூட்டே இல்ல, விமானத்தோட போயிட்டான்னு எழுதிடுங்க. யாருக்கு நஷ்டம்?"

அவள் முன்னால் கிடந்த கரண்டியை நான் நேராக வைத்தேன். என்னிடம் ஒரு பொய் கேட்டு நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்திருந்தாள். அவள் கேட்ட பொய்தான் உண்மை.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா கொன்னுடுவாங்க. அவங்களுக்கு ரிம்மா இன்னும் வந்துக்கிட்டிருக்கா." இராய்தா இப்போதுதான் தேநீரை எடுத்தாள். "அணைக்கட்டு வந்து எங்க பழைய ஊரு முழுகினது தெரியும்ல. எல்லாரும் வீட்டைப் பிரிச்சு, கட்டைகளுக்கு நம்பர் போட்டு, புது ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போனாங்க. எங்கம்மா மட்டும் போகல. 'ரிம்மாவுக்கு இந்த விலாசம்தான் தெரியும்'னாங்க. கடைசில போலீஸ்காரர்தான் தூக்கிட்டு வந்தாரு. அதுக்கு முன்னாடி என்ன பண்ணினாங்க தெரியுமா? புது விலாசத்தைப் பலகையில எழுதி பழைய வாசல்ல அடிச்சுட்டு வந்தாங்க. அந்த வாசலுக்கு மேல இப்ப கப்பல் போகுது."

"பெயர் சேர்க்க அம்மா கையெழுத்து வேண்டாமா?"

"வேணும். அவங்களால படிக்க முடியாது, கண்ணு போயிடுச்சு. நான் எங்க விரலை வைக்கறேனோ அங்க போடுவாங்க."

பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து அடுப்பை அணைத்தேன். அவளுக்கு முதுகைக் காட்டியபடியே, "சரி. எழுதித் தர்றேன்," என்றேன்.

அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். "அக்கா, இத்தனை வருஷத்துல எங்களுக்காக ஒரு பொய் சொல்ல ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்," என்றாள்.

கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுத்துக்கொள்ளவில்லை.

இராணுவப் பதிவு அலுவலகத்துக்குப் போன டிராமில் இராய்தா எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போனேன். விமானத்திலும் ரிம்மாவை நான் அப்படித்தான் பார்த்தேன். விமானி முன்னால் இருப்பார். வழி பார்த்துக் குண்டு போடும் நேவிகேட்டர் அவருக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில். எங்கள் விமானத்தின் பெயர் பேஷ்கா. இரண்டு எஞ்சின், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் வகை. பகலில்தான் பறப்போம். எங்கள் படைப்பிரிவில் விமானிகளும் நேவிகேட்டர்களும் எல்லோரும் பெண்கள்தான். வால்பக்கத் துப்பாக்கிக்கு மட்டும் சில ஆண்கள் வந்தார்கள், பெண்கள் போதவில்லை என்று. எங்களுக்கு வந்தவன் பெயர் கர்தேய். முதல் நாள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "இதுங்கள்ல யாருக்குக் கால் எட்டும்?" என்று கேட்டான்.

ரிம்மாவுக்கு மிதிகட்டை எட்டாது. முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்துக்கொள்வாள். ரிம்மா தலையணையைக் கட்டிக்கொண்டவள், இனி மாப்பிள்ளை வேண்டாம் என்று மெக்கானிக் பெண்கள் கேலி செய்வார்கள். கால் எட்டினாலும் கை போதாது. அந்த விமானத்தின் சுக்கான் பிடி அவ்வளவு கனம். ஓடுதளத்தில் வாலைத் தூக்கவும், பாய்ச்சலிலிருந்து மூக்கை நிமிர்த்தவும் ஒரு பெண்ணின் பலம் போதவில்லை. அதனால் நாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டோம். எந்தக் கையேட்டிலும் அது இல்லை. நேவிகேட்டர் எழுந்து நின்று, விமானியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அவள் கைக்குப் பக்கத்தில் சுக்கானைப் பிடித்துக்கொள்வாள். இருவரும் சேர்ந்து தள்ளுவோம், சேர்ந்து இழுப்போம். ரிம்மாவின் காதுக்குப் பக்கத்தில் என் முகம் இருக்கும். அவள் தலைக்கவசத்தில் பெட்ரோல் வாடையும் கம்பளி வாடையும் அடிக்கும்.

நாற்பத்து மூன்றாம் வருடம், மே மாதம், குபான் ஆற்றுப் பக்கம். குண்டு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அடி இடது எஞ்சினில் விழுந்தது. கர்தேயைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. விமானம் இடப்பக்கமாகச் சரிய ஆரம்பித்தது. நான் நேவிகேட்டருக்கென்று இருந்த துப்பாக்கியை விட்டுவிட்டு எழுந்து சுக்கானைப் பிடித்தேன். நான்கு கைகள். அப்படியே சிறிது நேரம் பறந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தீ என் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்தது.

ரிம்மா குதிக்கச் சொன்னாள். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். மறுபடி சொன்னாள். நான் கையை எடுத்தேன்.

கையை எடுத்ததும் மூக்கு கீழே போனது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் வெளியே ஏறினேன்.

மேற்கிலிருந்து காற்று அடித்தது. அந்தக் காற்று என்னை எங்கள் அகழிகளுக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டது. தொங்கிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். விமானம் எதிரிப் பக்கத்து நாணல் சதுப்பில் விழுந்தது. நாணலுக்கு மேலே புகை எழுந்தது, பிறகு அதுவும் இல்லை. வானத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

மறுநாள் காலை விமானத் தளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கூடாரத்துக்குள் தளபதியம்மாவும் விசாரணை அதிகாரியும் இருந்தார்கள். கூடாரத் துணி ஒரு பக்கம் தூக்கிக் கட்டியிருந்தது. வெளியே எங்கள் பெண்கள் நின்றார்கள். ரிம்மாவின் மெக்கானிக் தன் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தாள். "விமானி குதிச்சாங்களா? பாராசூட்டைப் பார்த்தியா?" என்று அதிகாரி கேட்டார்.

"பார்த்தேன்," என்றேன்.

வெளியே யாரோ சத்தம் போட்டு அழுதார்கள், சந்தோஷத்தில். அந்த மாதம்தான் வேறு படைப்பிரிவிலிருந்து ஒருவன் பதினோரு நாள் நடந்து எதிரிப் பக்கத்திலிருந்து திரும்பி வந்திருந்தான். அன்று இரவுச் சாப்பாட்டில் ரிம்மாவின் தட்டை எடுக்கவில்லை. அவளுக்கும் கஞ்சி ஊற்றி மூடி வைத்தார்கள். நான் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்குப் பிறகு சொன்னதைத் திரும்பப் பெற வழி தெரியவில்லை.

அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான். அவளும் குதித்திருந்தால் நான் கையை எடுத்தது தப்பில்லை.

இராணுவப் பதிவு அலுவலகத்தில் மேஜர் துருனோவ் என்பவரிடம் அனுப்பினார்கள். ஐம்பது வயதிருக்கும். இடது கையில் இரண்டு விரல் இல்லை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பழைய கோப்பைத் தேடியபடி கேட்டார்.

"மருத்துவப் பிரிவா, தோழர்?"

"விமானப் படை."

"அங்க நர்ஸா?"

"நேவிகேட்டர்."

தலையை நிமிர்த்தினார். "அந்த ராத்திரியில துணி ரெக்கை விமானத்துல குண்டு போடப் போன பொண்ணுங்களா? என் மகன் ஸ்கூல்லகூட அவங்க படம் மாட்டியிருக்காங்க."

"நாங்க வேற. எங்களுது பேஷ்கா. பகல்ல."

"பேஷ்காவா!" அவர் கோப்பைக் கீழே வைத்துவிட்டார். "நான் பீரங்கிப்படை. எங்க தலைக்கு மேலதான் போகும். அதை ஓட்டறவன் ஒருத்தன் சொல்வான், சாயங்காலம் தோளைத் தனியா கழட்டி ஆணியில மாட்டணும்னு. அதையா பொம்பளைங்க ஓட்டினீங்க?"

"ரெண்டு ரெண்டு பேரா இழுப்போம்."

"இப்படி ஒண்ணு இருந்ததே எனக்குத் தெரியாதே."

"யாரும் கேக்கல," என்றேன். இராய்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கோப்பு கிடைத்தது. என் அறிக்கையின் நகல் அதில் இருந்தது. மேஜர் சத்தமாகப் படித்தார்: "'நான் குதித்த சிறிது நேரத்தில் இரண்டாவது பாராசூட் விரிந்ததைப் பார்த்தேன். அது மேற்கே, எதிரியின் பக்கம் சென்றது.' கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமா."

"இப்ப இந்தத் தோழர் சொல்றாங்க, விமானி விமானத்தோட போனதா நீங்க சாட்சி சொல்லப் போறீங்கன்னு."

"ஆமா."

மேஜர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். அவர் முட்டாள் இல்லை. இராய்தாவின் சேறு படிந்த காலணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புரியுது. எனக்கும் அம்மா இருந்தாங்க," என்றார். "நான் ஒரு வழி சொல்றேன். 'காயத்தினாலும் அதிர்ச்சியினாலும் அப்போது என் நினைவு தெளிவாக இல்லை. பிற்பாடு தெளிந்தது.' இப்படி எழுதிடுங்க. நான் முத்திரை குத்தி அனுப்பிடறேன். கல்லுல பேரு வந்துடும். யாருக்கும் தொந்தரவு இல்ல."

காகிதமும் பேனாவும் தள்ளினார். இராய்தா என் முழங்கையைத் தொட்டாள். எழுது என்று அர்த்தம்.

என் பெயர், பிறந்த வருடம், படைப்பிரிவு எண் எல்லாம் எழுதினேன். பிறகு பேனா நின்றது. நினைவு தெளிவாக இல்லை என்று எழுத வேண்டிய இடம். என் நினைவில் தெளிவில்லாதது ஒன்றுமே இல்லை. நான் காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவள். அந்த அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் விரிந்த இரண்டு பாராசூட்டுகளில் ஒன்றைக் கிழக்கேயும் மற்றதை மேற்கேயும் ஒரே காற்று கொண்டுபோகாது. முதல் வருட மாணவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். யாராவது கேட்பார்கள் என்று இருபத்திரண்டு வருடம் காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

எழுதினேன்: இரண்டாவது பாராசூட் இல்லை. 1943இல் நான் கொடுத்த அறிக்கை பொய். பொய் என்று தெரிந்தே கொடுத்தேன்.

மேஜர் தலைகீழாகவே படித்துவிட்டார். "தோழர், இது வேண்டாம். இப்படி எழுதினா நான் மேல அனுப்பியாகணும். பொய் அறிக்கை அது." மேசையில் கிடந்த ஒரு பட்டியலைப் புரட்டினார். "ஒன்பதாம் தேதி வெற்றி விழா மேடையில உங்க பேரு இருக்கு, பாருங்க. எடுத்துடுவாங்க. உங்க காலேஜுக்கும் தாள் போகும்."

"போகட்டும்."

"அக்கா, அவர் சொல்ற மாதிரியே எழுதுங்களேன்," என்றாள் இராய்தா. "எனக்காக இவ்வளவு தூரம் போக வேண்டாம்."

"உனக்காக இல்ல, இராய்தா. இதுதான் நடந்தது."

அவள் புரியாமல் சிரித்தாள். பிறகு காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டவளைப் போல. மறுபடியும் படித்தாள். மேஜர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். அறையில் புழுக்கம் எதுவும் இல்லை.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது இராய்தா எனக்கு இரண்டு படி முன்னால் போனாள். கடைசிப் படியில் நின்றாள்.

"நான் காலேஜுக்கு மனு போட்டேன்," என்றாள். "டாக்டருக்குப் படிக்க. படிவத்துல ஒரு கேள்வி. 'உறவினர் எவரேனும் எதிரியிடம் சிறைப்பட்டிருந்தனரா?' நான் 'தெரியாது'ன்னு எழுதினேன். 'தெரியாது'ன்னா என்னம்மா அர்த்தம்னு கேட்டாங்க. எடம் தரல. இப்ப பொத்தான் ஃபேக்டரில இருக்கேன். பதினேழு வருஷம்."

"தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அட்டையில எழுதியிருந்தே."

"அதைப் படிச்சுட்டும் 'புத்தாண்டு வாழ்த்துகள்'னு பதில் போட்டீங்க."

"ஆமா."

டிராம் ஒன்று போனது. அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"கைய எடுக்காம இருந்திருந்தா? மேல வந்திருக்குமா?"

இந்தக் கணக்கை நான் பல முறை போட்டிருக்கிறேன். சுக்கானை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று தெரியும். ரிம்மாவின் எடை தெரியும், என் எடை தெரியும், ஒற்றை எஞ்சினின் இழுவிசை தெரியும். அப்போது என்ன உயரத்தில் இருந்தோம் என்பது மட்டும் தெரியாது. உயரமானியை நான் பார்க்கவில்லை. உயரம் இல்லாமல் கணக்கு முடியாது.

"தெரியாது," என்றேன்.

"தெரியாதுன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள், அந்தக் காலேஜ்காரர்களின் குரலில்.

மேஜர் முத்திரை குத்திக் கொடுத்த விண்ணப்பம் அவள் கையில் இருந்தது. அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அதை அவள் நாலாக மடித்தாள், பிறகு பிரித்தாள்.

"காலைல இதை ஏமாத்தி வாங்கிடலாம்னு நெனச்சேன். ரிம்மா உயிரோட இருக்கான்னு அம்மா நெனச்சுக்கட்டும், கல்லுல பேரும் வரட்டும்னு. இப்ப முடியாது. செத்துட்டான்னு தெரிஞ்சுக்கிட்டே அவங்க விரலைப் புடிச்சுப் போட வைக்க என்னால முடியாது." என்னைப் பார்த்தாள். "நான் சொல்லமாட்டேன். நீங்க வந்து சொல்லுங்க."

"பஸ் எப்ப?"

"ஒரு மணிக்கு."

பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் இடையில் துணிப்பை இருந்தது.

புது ஊர் நேர்நேரான தெருக்களாக இருந்தது. எண் போட்ட கட்டைகளை வைத்துக் கட்டிய வீடுகளில் சிலவற்றின் எண்கள் இன்னும் அழியவில்லை. ஊர் நடுவில் சாக்குப்போட்டு மூடிய ஒரு கல் நின்றது. அதன் கீழே ஒருவன் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். இராய்தா அவனிடம், "எந்த எழுத்து வரைக்கும் வந்தாச்சு?" என்று கேட்டாள்.

"கடைசிப் பக்கம். இன்னும் இருபது பேரு. உன் அக்காவுக்குக் கீழ்மூலையில எடம் விட்டிருக்கேன். வரிசைப்படி வராது, பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

உலியானா அம்மா மேசைக்கு முன்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கு முளைகளை விரலால் தடவிக் கிள்ளிக்கொண்டிருந்தார். சிறிய உடம்பு. நான் பெயரைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து என் தோளைத் தடவினார்.

"காப்பாவா? ரிம்மாவோட காப்பாவா? உன் லெட்டர் என்கிட்ட இருக்கு. உக்காரு. இராய்தா, சூப்பு ஊத்து இவளுக்கு. எலும்பா இருக்கா, தொட்டா தெரியுது."

"அம்மா, நான் ஒண்ணு சொல்ல வந்தேன்."

"சாப்பிட்டுட்டுச் சொல்லு."

"சாப்பிட்டா சொல்லமுடியாது."

இராய்தா சூப்பை ஊற்றி மேசையில் வைத்தாள். அவர் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். எஞ்சின், தீ, நான் குதித்தது, நாணல், வானத்தில் யாரும் இல்லாதது. விசாரணையில் பொய் சொன்னது. கடிதத்திலும் அதையே எழுதியது. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன், நடுங்கினால் அவர் என்னைத் தேற்றுவார் என்று பயந்தேன்.

உலியானா அம்மா ஒரு உருளைக்கிழங்கை எடுத்து, முளை இல்லாத இடத்தைத் தடவினார்.

"நீ கண்ணாடி போட்டிருக்கே," என்றார். "வெளிச்சம் அதுல பட்டுத் தெரியுது."

"ஆமாம்மா."

"அப்ப உனக்கு எத்தனை வயசு?"

"இருபத்தொண்ணு."

"அப்ப கண்ணு நல்லா இருந்துச்சு. இப்ப கெட்டுப்போச்சு. நான் அந்தப் பொண்ணைத்தான் நம்புவேன். உன்னை இல்ல." உருளைக்கிழங்கைக் கூடையில் போட்டார். "இராய்தா, அந்த லெட்டரைப் படி."

"அம்மா, வேண்டாம்."

"படிடீ."

இராய்தா பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்தாள். மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. என் இருபத்தொரு வயதுக் கையெழுத்து. அவள் படித்தாள். நான் எவ்வளவு நன்றாகப் பொய் எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் கேட்டேன். பாராசூட் வரும் வரிக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள். உலியானா அம்மாவே மீதியைச் சொன்னார்.

"'வெள்ளையாக, முழுதாக விரிந்தது. அவள் கை அசைத்த மாதிரி இருந்தது.'" என் பக்கம் திரும்பினார். "கை அசைச்சாளாம். இதை ஒருத்தி சும்மா எழுதுவாளா?"

"நான் எழுதினேன்மா. அந்த வரி என்னோடது. அவ கை ரெண்டும் சுக்கான்ல இருந்துச்சு."

அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. இராய்தா விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தாள், ஆனால் பேச்சை எடுக்கவில்லை. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. இவர் நம்பாவிட்டால் கையெழுத்து இல்லை, கல்லில் அந்த மூலை காலியாகவே இருக்கும். அதற்கும் காரணம் நான்தான்.

உலியானா அம்மாதான் கேட்டார்.

"உன்னை எப்படிக் குதிக்கச் சொன்னா?"

"குதின்னு சொன்னா."

"அது இல்ல. எப்படிச் சொன்னா? கத்தினாளா?"

"இல்லம்மா. அத்தனை சத்தத்துலயும் கத்தல. என் காது அவ வாய்கிட்ட இருந்துச்சு. 'காப்பா, நீ எறங்கு'ன்னா. நான் மாட்டேன்னேன். 'காப்பா, சொல்றதைக் கேளு, நீ மொதல்ல எறங்கு, நான் இதைப் பார்த்துக்கறேன்'னா. அவ்வளவுதான்."

உலியானா அம்மாவின் கை மேசைமேல் அசையாமல் கிடந்தது. இராய்தா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்போது புரியவில்லை. இராய்தாதான் மெதுவாகச் சொன்னாள்.

"சின்ன வயசுல ரெண்டு பேரும் கொட்டகைக் கூரையில ஏறிடுவோம். ஏணி ஆடும். அப்படித்தான் சொல்லுவா. 'நீ மொதல்ல எறங்கு, நான் பார்த்துக்கறேன்.'"

"இதை நீ லெட்டர்ல எழுதல," என்றார் உலியானா அம்மா.

"இல்லம்மா. எழுதல."

"இதைத்தானே எழுதியிருக்கணும்."

அவர் வலது கையை நீட்டினார். இராய்தா பேனாவைக் கொடுத்து, கோட்டின்மேல் அவர் விரலை வைக்கப் போனாள். உலியானா அம்மா அவள் கையைத் தட்டிவிட்டார். "என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல படி," என்றார். இராய்தா படித்தாள். 'போரில் உயிரிழந்த' என்ற இடத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு காகிதத்தின் ஓரத்தைத் தானே தடவிக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, நேரம் எடுத்துக்கொண்டு. கோட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"செல்லுமா?"

"செல்லும்மா."

இராய்தா காகிதத்தை எடுத்துக்கொண்டு கல்வெட்டுபவனிடம் ஓடினாள். மேல்கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. நானும் உலியானா அம்மாவும் தனியாக இருந்தோம். அவர் மறுபடி கூடையை இழுத்து முளை கிள்ள ஆரம்பித்தார். என் சூப் ஆறி, மேலே கொழுப்புப் படிந்திருந்தது. உட்காரச் சொல்வார் என்று நின்றேன். ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று நின்றேன்.

"ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"அஞ்சரைக்கும்மா."

"இப்பவே கெளம்பினா சரியா இருக்கும்."

மேல்கோட்டை மாட்டிக்கொண்டேன். மணி நாலுகூட ஆகவில்லை. கடிதம் மேசைமேல் பிரித்தபடியே கிடந்தது. அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வாசலைத் தாண்டியதும் உளிச் சத்தம் கேட்டது. பஸ் நிறுத்தத்துக்குக் கல்லைத் தாண்டித்தான் போக வேண்டும். இராய்தா எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்று, எழுத்துகளை அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தெருவின் அந்தப் பக்கமாக நடந்தேன்.